எலும்பில்லாத வியாழன்

ஆர்டர் சீட்டுக் கட்டில் இருநூற்றுப் பன்னிரண்டாவது சீட்டு: டேல் ஹார்ட்வெல், பதினெட்டு பவுண்டு, உள்ளே சோள ரொட்டியும் பன்றி சாஸேஜும், புதன் காலை வந்து வாங்கிக்கொள்வார்.

இரண்டு முறை படித்தேன். டேல் ஹார்ட்வெல் என் முன்னாள் மனைவி ரோவீனாவின் இப்போதைய கணவன். ஏழு வருடமாகத் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு அவர்கள் வீட்டில் வான்கோழிதான். இந்த வருடம் டர்டக்கன். வான்கோழிக்குள் வாத்து, வாத்துக்குள் கோழி, மூன்றிலும் எலும்பு கிடையாது.

"என்னப்பா, பேய் அடிச்ச மாதிரி நிக்கிற?" என்றாள் வெர்னா. எனக்கு எதிரே நின்று பறவைகளைத் தைப்பவள். இந்தக் கடையில் என்னைவிட இருபது வருடம் மூத்தவள்.

சீட்டைக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுப் படித்தாள்.

"அட! பொண்டாட்டி வீட்டு விருந்துக்கு நீயே சமைச்சு அனுப்புறியா? பெரிய மனசுதான் உனக்கு."

"முன்னாள் பொண்டாட்டி."

"கோழிக்கு என்ன தெரியும் முன்னாள் இந்நாள்."

நான் வருடம் முழுவதும் இரவில் வேலை செய்கிறவன். ஐஸ் ஆலை, இறால் கொட்டகை, நவம்பர் வந்தால் எல்ரேயின் இறைச்சிக் கடை. டீசல் மெக்கானிக் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு இந்தப் பக்கம் பகலில் பெரிதாக யாரும் வேலை எடுத்து வைத்திருக்கவில்லை. எனக்கு அதில் குறையும் இல்லை. குளிரறையில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். வெர்னாவைத் தவிர.

எலும்பு எடுப்பது என் வேலை. முதுகுத்தண்டை ஒட்டிக் கீறி, கத்தியை எலும்பின் மேலேயே படுக்கவைத்துச் சுரண்டிக்கொண்டு போக வேண்டும். தூங்குகிற குழந்தையிடமிருந்து சட்டையைக் கழற்றுவது போல. தோலில் ஓட்டை விழக்கூடாது. விழுந்தால் கொழுப்பு அந்த வழியாக ஓடிவிடும். சில கடைகளில் உருவம் நிற்கட்டும் என்று வான்கோழியின் காலெலும்பை விட்டுவிடுவார்கள். எல்ரே விடமாட்டான். பல்குத்தும் குச்சி அளவு எலும்புகூடக் கிடையாது என்று வாசலில் எழுதியே வைத்திருக்கிறான்.

அந்த வாசகம்தான் என்னை உறுத்தியது.

விவாகரத்தின்போது நீதிபதி தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமையை ரோவீனாவுக்கும் மறுநாள் வெள்ளிக்கிழமையை எனக்கும் கொடுத்தார். எங்கள் மகள் கொரினுக்கு அப்போது பன்னிரண்டு வயது. முதல் வருடம் அவளை அழைக்கப் போனபோது ரோவீனா என் வண்டி ஜன்னல் வழியாக ஒரு பெரிய பையை உள்ளே தள்ளினாள். கறி அறுத்தது போக மிஞ்சிய வான்கோழி எலும்புக் கூடு. "டேல் ஷ்ரீவ்போர்ட்காரன். எலும்ப என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கிறான். கொண்டு போ" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. வெள்ளிக்கிழமை அந்த எலும்பில் கம்போ என்கிற கெட்டிச் சூப் வைத்தோம். கொரின் நாற்காலியில் ஏறி நின்று மாவை எண்ணெயில் காப்பிக் கொட்டை நிறம் வரும்வரை கிளறினாள். நான் கூட்டை உடைத்துப் பானையில் போட்டேன். டேலுக்கு வான்கோழியை அறுக்கத் தெரியாது. பாதிக் கறியை எலும்பிலேயே விட்டுவிடுவான். அதனால் எங்கள் கம்போ நன்றாக இருந்தது.

அதிலிருந்து எல்லா வருடமும் அப்படித்தான். எலும்புப் பை வரும், அதோடு கொரினும் வருவாள். பதினெட்டு வயது ஆன பிறகு நீதிபதியின் தாளுக்கு மதிப்பில்லை. ஆனாலும் போன வருடம் தானே வண்டி ஓட்டிக்கொண்டு பையோடு வந்தாள். நான் வா என்று சொன்னதில்லை. சொல்லவேண்டி வந்ததில்லை. எலும்பு கெட்டுப்போகும் பொருள். அதை யாராவது எங்காவது கொண்டுவந்தே ஆகவேண்டும்.

இந்த வருடம் கொண்டுவர ஒன்றும் இருக்காது.

"எலும்பு வேணும்னா அந்தப் பீப்பாய்ல கெடக்கு பார்" என்றாள் வெர்னா. நான் அவளிடம் இதையெல்லாம் ஒரு தடவை உளறியிருந்தேன். "நூறு வான்கோழியோட எலும்பு. எல்ரே மூட்டை கட்டி விக்கிறான். நீ ரெண்டு மூட்டை வாங்கிக்கோ."

"தனியா இருக்கறவன் எலும்பு வாங்கி வச்சா யாருக்காவது வரணும்னு தோணுமா?"

"நாய் வரும்" என்றாள். அவளே சிரித்துக்கொண்டாள்.

இருநூற்றுப் பன்னிரண்டை நான் கெடுக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். நான் அதுவரை எடுத்ததிலேயே சுத்தமாக எடுத்தது அந்தப் பறவையைத்தான். தோலில் ஒரு கீறல் இல்லை. தோலைக் கீழே விரித்து, மசாலா தூவி, சாஸேஜ் கலவையைப் பரப்பி, வாத்தை வைத்து, சோள ரொட்டியைப் பரப்பி, கோழியை வைத்து மடித்தேன். வெர்னா ஊசியை ஓட்டினாள். திருப்பிப் போட்டால் சாதாரண வான்கோழி போலவே இருந்தது. கால், தொடை, மார்பு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை என்று தொட்டால்தான் தெரியும்.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்த அறையில் யோசிப்பதற்கு வேறு என்ன இருக்கிறது. வியாழக்கிழமை மேசைக்கு டர்டக்கன்தான் நல்லது. வான்கோழி மார்பு பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் வறண்டு போகும். கிரேவியை ஊற்றி ஊற்றி விழுங்குவார்கள், நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்வார்கள். டர்டக்கன் வறளாது. வாத்துக் கொழுப்பு மேலும் கீழும் இறங்கிக்கொண்டே இருக்கும். குறுக்காக வெட்டினால் எல்லாருக்கும் ஒரே துண்டு. கால் யாருக்கு, கழுத்து யாருக்கு என்ற சண்டை இல்லை. ஆனால் நடுவில் இருக்கிற கோழி வறுபடுவதே இல்லை. ஆவியில் வெந்து வெளுத்துப்போய் இருக்கும். வாத்துத் தோல் உள்ளே நனைந்த துணி மாதிரி கிடக்கும். மொறுமொறுப்பு வெளியே ஒரு தோலில் மட்டும்தான். அதைவிட, மறுநாளைக்கு ஒன்றும் மிஞ்சாது. வான்கோழி இரண்டு நாள் பறவை. இது ஒரு நாள் பறவை. முதல் நாளில் தோற்றுப்போகிற பறவைதான் இரண்டாம் நாள் வீட்டைக் கூட்டுகிறது. ரோவீனாவின் புது வீடு அந்த முதல் நாளுக்குப் பொருத்தமாக இருந்தது. எல்லாருக்கும் ஒரே அளவு, யார் தொண்டையிலும் எதுவும் சிக்காது.

புதன்கிழமை விடிந்ததும் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். வரிசை சாலைவரை நின்றது. எல்ரே எங்களை விடவில்லை.

"மத்தியானம் வரைக்கும் எல்லாரும் கவுண்டர்ல நில்லுங்க. இன்னொண்ணு, சமைக்கிற முறை அச்சடிச்ச தாள் தீர்ந்துபோச்சு. ஒவ்வொருத்தருக்கும் வாயால சொல்லுங்க. இருநூத்தி இருபத்தஞ்சு டிகிரி, பத்து மணி நேரம். நடு மையத்துல நூத்தி அறுபத்தஞ்சு வரணும். வான்கோழி மாதிரி வைக்காதீங்கன்னு சொல்லுங்க. யாராவது வயித்தால போயி கேஸ் போட்டா, கடைய உங்க பேருக்கு எழுதி வச்சுட்டு நான் ஓடிருவேன்."

நான் முப்பது பேருக்குச் சொன்னேன். முப்பத்தோராவது ஆளாக டேல் வந்தான்.

"நோலன்! நீங்க இங்கயா இருக்கீங்க?" உண்மையிலேயே சந்தோஷப்பட்டான். அவன் அப்படித்தான். எல்லாரையும் பார்த்துச் சந்தோஷப்படுவான். "இது நீங்க செஞ்சதா?"

"எலும்பு எடுத்தது நான்."

"அப்ப நல்லாத்தான் இருக்கும். எங்கம்மா ஷ்ரீவ்போர்ட்லேர்ந்து வர்றாங்க. வருஷா வருஷம் திட்டு. உனக்கு ஒரு பறவைய அறுக்கத் தெரியல, மரம் வெட்டுறவன் மாதிரி வெட்டுறேன்னு. இதுல அறுக்குற வேலையே இல்லையாமே? ரொட்டி மாதிரி வெட்டலாமாமே?"

"ஆமா. ரொட்டி மாதிரிதான்."

"நல்லதாப் போச்சு. சமைக்கிறதெல்லாம் வான்கோழி மாதிரிதானே? முந்நூத்தி இருபத்தஞ்சு, பவுண்டுக்குக் கால் மணி நேரம், தொடைல தெர்மாமீட்டரக் குத்திப் பாக்கணும்? காலைல பத்து மணிக்கு வச்சா மூணு மணிக்குச் சாப்பிடலாம், இல்ல?"

அவனுக்குப் பின்னால் வரிசை முனகிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கவுண்டரில் வெர்னா ஒரு கிழவரிடம் மூன்றாவது தடவையாக டிகிரியைக் கத்திக்கொண்டிருந்தாள். டேல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் தலையாட்டினேன்.

எனக்குப் பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. யாருக்கும் வயிறு கெட வேண்டும் என்று நினைக்கவில்லை. அவன் மேசைத் தலைமாட்டில் கத்தியோடு நின்று அசடு வழிய வேண்டும், வான்கோழியே வாங்கியிருக்கலாம் என்று யாராவது சொல்ல வேண்டும். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். கனமாக இருந்தது. "கையப் பாத்து" என்றுகூடச் சொன்னேன்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எழுந்தேன். காப்பி போட்டுக்கொண்டு அடுப்பருகே நின்றபோது அந்தப் பறவையை மனதுக்குள் குறுக்காக வெட்டிப் பார்த்தேன். தொழில் பழக்கம். வெளியே வான்கோழித் தோல் தங்க நிறம். தொடையில் குத்தினால் நூற்று எழுபது காட்டும். அடுத்தது சாஸேஜ், பாதி வெந்தது. அடுத்தது வாத்து, இளஞ்சிவப்பு. நடுவில் கோழி. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கோழி, மூன்று அங்குலக் கறிக்கும் ரொட்டிக்கும் உள்ளே, நான்கரை மணி நேரம் வெதுவெதுப்பில் ஊறிய பச்சைக் கோழி.

கொரின் எதையும் நடுவிலிருந்துதான் எடுப்பாள். ரொட்டியானாலும் கேக்கானாலும்.

காப்பியைத் தொட்டியில் கொட்டிவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ரோவீனாவுக்கு அடித்தேன். டேலின் எண் என்னிடம் இல்லை. ரோவீனா பண்டிகை நாளில் எல்லார் போனையும் வாங்கி ஒரு கூடையில் போட்டு மூடிவைப்பாள். என்னோடு இருந்தபோதே அப்படித்தான். 'சாப்பிடாதே, வேகவில்லை' என்று செய்தி அனுப்பினேன். கூடைக்குள் போயிருக்கும்.

அவர்கள் வீடு யங்ஸ்வில் பக்கம், இருபத்தைந்து மைல். கடையிலிருந்து எடுத்து வந்த தெர்மாமீட்டர் வண்டியில் கிடந்தது. ஏரத் என்ற ஊரைத் தாண்டியதும் ஒரு கரும்பு லாரி எனக்கு முன்னால் முப்பது மைல் வேகத்தில் கரும்பு உதிர்த்துக்கொண்டே போனது. முந்த வழியில்லை. பின்னாலேயே போனேன். ஹாரன் அடித்தேன். அந்த டிரைவர் பண்டிகை வாழ்த்து என்று நினைத்துக் கையசைத்தான். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். கடையில் ஒரு குழப்பம், சில பறவைகள் உறைந்த நிலையில் போய்விட்டன, எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று. நல்ல பொய். நம்புவார்கள். எல்ரேயின் பெயர் கெடும், ஆனால் என் வெள்ளிக்கிழமைக்கு அதுவரை இருந்த கொஞ்ச நஞ்ச வாய்ப்பு அப்படியே இருக்கும்.

ஏழு வருடத்தில் அந்த வீட்டு வாசற்படியை நான் தாண்டியதில்லை. மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கதவைத் தட்டாமலே திறந்தேன்.

நான்கு பேர் மேசையில் இருந்தார்கள். டேல் நின்றுகொண்டிருந்தான், கையில் நீளக் கத்தி. முனையிலிருந்து இரண்டு துண்டு வெட்டி அவன் அம்மாவின் தட்டில் வைத்திருந்தான். அடுத்த தட்டை நீட்டிக்கொண்டிருந்தவள் கொரின்.

"யாரும் சாப்பிடாதீங்க" என்றேன்.

"அப்பா?"

ரோவீனா எழுந்தாள். "நோலன், குடிச்சிருக்கியா?"

 மேசைக்குப் போய் தெர்மாமீட்டரை நடுவில் இறக்கினேன். முள் ஏறியது, நின்றது. நூற்று நான்கு, நூற்று அறுபத்தைந்து வர வேண்டிய இடத்தில். எல்லாருக்கும் தெரியும்படி திருப்பினேன். பிறகு டேல் கையிலிருந்த கத்தியை வாங்கி நடுவில் ஒரே வெட்டு. உள்ளே கோழி ஈரமாக, ரோஜா நிறத்தில் பளபளத்தது. சோள ரொட்டியில் ரத்தநீர் ஊறியிருந்தது.

டேலின் அம்மா இமோஜீன் ஏற்கெனவே இரண்டு வாய் சாப்பிட்டிருந்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் சாகப் போறேனா?"

"இல்லம்மா. முனைத்துண்டு வெந்திருக்கும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதாம்." மகன் பக்கம் திரும்பினாள். "எழுபத்தாறு வயசுல முதல் தடவையா பாக்குறேன். மூணு பறவை உசிர விட்டிருக்கு, கையில புடிச்சுக் கடிக்க ஒரு காலு இல்ல. அதையும் வேக வைக்கல. டேல், வான்கோழியக் கெடுத்தியே, அது போதாதா? கூட ரெண்டு சேர்த்துக் கெடுக்கணுமா?"

"அம்மா, ப்ளீஸ்."

"உங்கப்பா குருடு. அவர் கூட வான்கோழிய ஒழுங்கா வச்சாரு."

"அப்பா குருடு இல்லம்மா."

"கடைசில குருடுதானே."

கொரின் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டைக் கீழே வைத்தாள். ரோவீனா சிரிக்கவில்லை. "நான் உங்ககிட்ட எத்தன தடவ சொன்னேன் டேல், கடைல கேளுங்க, இது வான்கோழி மாதிரி இல்லன்னு. கேட்டீங்களா இல்லையா? எல்லாம் தெரியும்னு வந்துட்டீங்களா?"

டேல் என்னைப் பார்த்தான். மேசைக்கு மேலே, அந்தப் பிளந்த பறவைக்கு மேலே. அவனுக்குத் தெரிந்துவிட்டது. கவுண்டரில் நான் தலையாட்டியது அவன் கண்ணில் ஓடுவதை நான் பார்த்தேன். ஒரு கணம்தான்.

"கேட்டேன்" என்றான். "கூட்டமா இருந்துச்சு. நான்தான் சரியாக் காதுல வாங்கல போல. அவங்க சொல்லித்தான் இருப்பாங்க."

நான் தப்பித்துப் போக அவன் ஒரு கதவைத் திறந்து பிடித்தது போல இருந்தது. நான் அந்த வழியாக வெளியே போயிருக்கலாம். கரும்பு லாரிக்குப் பின்னால் செய்த பொய்கூடத் தேவைப்பட்டிருக்காது. எலும்பெடுத்தவன் மனசு கேட்காமல் ஓடிவந்தான், குடும்பத்தைக் காப்பாற்றினான் என்று போயிருக்கும். கொரின் என்னைப் பார்த்த பார்வையில் அது பாதி வந்துகூட விட்டது. என்னவோ பெருமை மாதிரி ஒன்று. அவள் என்னை அப்படிப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

இமோஜீன் விடவில்லை. "காதுல வாங்கலையாம். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

டேல் தலைகுனிந்து துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். காதுமடல் சிவந்திருந்தது. நான் நேற்று பார்க்க ஆசைப்பட்ட காட்சி அதுதான். அப்படியே நடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"அவர் சரியாத்தான் கேட்டார்" என்றேன். "வான்கோழி மாதிரிதானேன்னு கேட்டார். நான் ஆமான்னு தலையாட்டினேன். இல்லன்னு தெரிஞ்சே ஆட்டினேன்."

டேல் கையைத் துடைப்பதை நிறுத்தினான்.

"ஏன்?" என்றாள் ரோவீனா. சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாவிட்டால்தான் பயம்.

"இதுல எலும்பு இல்ல."

"என்ன?"

"எலும்பு இருந்தா வெள்ளிக்கிழமை கொரின் வருவா."

சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று எனக்கே கேட்டது. நாற்பத்து நான்கு வயது ஆண்.  இமோஜீன் தன் தட்டிலிருந்த துண்டைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, "இந்த ஆள் வேற ஒரு பைத்தியம்" என்றாள், வானிலை சொல்வது போல.

டேல் துணியைக் கீழே வைத்தான். "சரி. இத இப்ப என்ன செய்யறது? அத சொல்லுங்க."

சொன்னேன். செய்தும் கொடுத்தேன். இரண்டு பாதியையும் வெட்டுமுகம் மேலே பார்க்க ஒரே தட்டில் வைத்து, ஈரம் போகாமல் அலுமினியத் தாளால் மூடி, ஓவனை முந்நூற்று ஐம்பதில் வைத்தேன். இரண்டு மணி நேரம். தொடையில் குத்தக்கூடாது, கோழிக்கு நடுவில் குத்த வேண்டும். தெர்மாமீட்டரை அங்கேயே விட்டேன். உருவம் கெட்டுவிட்டது, ருசி கெடாது என்றேன். மேசையில் இருந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பச்சை பீன்ஸ், பெக்கான் பை என்ற இனிப்புப் பண்டம் எல்லாம் ஆறிக்கொண்டிருந்தன.

"ரெண்டு மணி நேரம் உக்காந்து என்ன பண்றது?" என்றாள் இமோஜீன்.

"பெக்கான் பையச் சாப்பிடுங்கம்மா" என்றான் டேல்.

"முதல்லயே இனிப்பா?" கொஞ்சம் யோசித்தாள். "சரி, வெட்டு. அதுலயாவது கத்தி போகுதான்னு பாப்போம்."

ரோவீனா கதவைத் திறந்துவிட்டாள். போ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

வண்டிவரை கொரின் பின்னாலேயே வந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். குளிரில்லை, ஆனாலும் கட்டிக்கொண்டுதான் நின்றாள்.

"நான் அந்தத் தட்ட நீட்டிட்டு இருந்தேன்ப்பா."

"பாத்தேன்."

"நீ ரெண்டு நிமிஷம் லேட்டா வந்திருந்தா?"

"தெரியும்."

"தெரியும்னு சொல்லாத. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்ட." சாலையைப் பார்த்தாள். "ஒரு பை எலும்புக்காகவா நான் வர்றேன்னு நெனச்ச? ஏழு வருஷமா?"

"வேற எதுக்குன்னு எனக்குத் தெரியல."

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு போன். 'கொரின், வர்றியா' அவ்ளோதான். மூணு பறவைய வச்சு என்னென்னமோ பண்ணியிருக்க."

"கேட்டு நீ வரலைன்னா?"

"வரலைன்னா வரலைன்னு சொல்லுவேன். அதுக்கென்ன? எல்லாரும் அப்படித்தான் இருக்காங்க."

என் கையில் சாஸேஜ் கொழுப்பு ஒட்டியிருந்தது. பேண்டில் துடைத்தேன். "நாளைக்கு வர்றியா?"

என்னைப் பார்த்தாள். நேற்றே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயன்றேன். தெரியவில்லை.

"இல்ல" என்றாள். "இன்னிக்கு நீ பண்ணினதுக்கு நாளைக்கு நான் வரமாட்டேன்."

"சரி."

"அம்மா சொன்னதுக்காக இல்ல. நானே சொல்றேன்."

"சரிம்மா."

"கோவம் இருக்கு எனக்கு."

"இருக்கட்டும்."

உள்ளே போய்விட்டாள். ஜன்னல் வழியாக டேல் எல்லாருக்கும் பெக்கான் பை வெட்டிப் போடுவது தெரிந்தது. நான்கு தட்டு. துண்டுகள் கோணலாக இருந்தன.

வெள்ளிக்கிழமை தூங்கினேன். எழுந்து ஒரு டப்பா சூப்பைச் சூடுபண்ணிக் குடித்தேன். சனிக்கிழமை எல்ரேயிடம் போய்ச் சொன்னேன். சீசன் முடிந்துவிட்டது, இல்லாவிட்டால் இப்போதே அனுப்பியிருப்பேன், அடுத்த நவம்பருக்கு என் முகத்தில் முழிக்காதே என்றான். வெர்னா பாவம், திட்டு பூராவும் கேட்டுக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும், "உனக்கு வாய்ல எலும்பு சிக்கிக்கிச்சா, பேச வராதா?" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான் பேசுவாள்.

செவ்வாய்க்கிழமை மாலை ஐஸ் ஆலை வாசலில், ஷிப்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது, வண்டியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். ஒரு பறவையை எலும்பெடுக்க எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். கொரின் பெயரை அழுத்த அதைவிட அதிகம் ஆனது.

"என்னப்பா?"

"சும்மா. இந்த வாரம் வர்றியா?"

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. வர்றியான்னு."

அந்தப் பக்கம் தட்டுகள் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பாள். "இந்த வாரம் முழுக்க எனக்கு சாயங்காலம் வேலை. உனக்கு ராத்திரி வேலை."

"ஆமா."

"வியாழன் காலைல? நீ தூங்கறதுக்கு முன்னாடி. ஏழரைக்கு."

"ஏழரைக்குச் சரி."

வந்தாள். எட்டு நிமிடம் தாமதம். நான் மேல் சட்டையைக்கூட மாற்றவில்லை, உடம்பெல்லாம் அம்மோனியா நாற்றம். முட்டையும் பெட்ரோல் பங்கில் வாங்கிய பூடான் என்ற அரிசி சாஸேஜும் இருந்தன. அவள் சாஸேஜைத் தோலிலிருந்து பிதுக்கிச் சாப்பிட்டாள், நான் தோலோடு சாப்பிட்டேன். டேல் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றாள். அம்மா நிறையப் பேசுகிறாள் என்றாள். அந்த டர்டக்கன் கடைசியில் ஐந்தரை மணிக்கு வந்தது, இமோஜீன் பாட்டி இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், ஆனால் அடுத்த வருடம் வான்கோழிதான் என்று எழுதி வாங்காத குறை என்றாள்.

"உனக்குப் பிடிச்சுதா?" என்றேன்.

"வெளிப்பக்கம் பிடிச்சுது. நடுவுல இருந்தது என்னவோ ஆஸ்பத்திரிக் கோழி மாதிரி."

"அது அப்படித்தான் இருக்கும். சரியா வேக வச்சாலும்."

"உண்மையாவா? அப்புறம் எதுக்கு அவ்ளோ கஷ்டப்பட்டு?"

 எண்பது சதவீதம் பேர் வாங்குவது வெட்டும்போது மூன்று வட்டம் தெரிவதற்காகத்தான் என்றேன். அவள் தலையசைத்தாள், நம்பாதவள் போல.

கோபம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை. முகத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அரை மணி நேரம் இருந்தாள். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, தூங்கு என்றாள். அடுத்து எப்போது என்று அவள் சொல்லவில்லை.

நான் கேட்டேன்.